அறிவும் அறிமுகமும்: கும்பகோணம் கல்லூரியின் இரண்டு கதைகள்

1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் உடல்நலக் குறைவால் வேலையிலிருந்து விலக முடிவு செய்தார். தமக்குப் பின் அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதையும் அவரே மனத்துக்குள் முடிவு செய்திருந்தார். திருவாவடுதுறை மடத்தில் மாணவர்களுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த சாமிநாதையர்தான் அவர் நினைத்திருந்த ஆள். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர்கள். மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் செட்டியார் கேட்டார். நல்ல வித்துவானை இழக்கத் தேசிகருக்கு மனமில்லை. ஆனாலும் அனுப்பி வைத்தார். கல்லூரி முதல்வர் கோபாலராவுக்குச் செட்டியாரின் சொல்லில் மதிப்பிருந்தது. பிப்ரவரியில் சாமிநாதையர் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார். அந்த மாதம்தான் அவருக்கு 25 வயது நிறைந்தது.

24 ஆண்டுகள் கழித்து, 1904இல், அதே கல்லூரிக்குள் உதவித்தொகை பெற்ற மாணவராக ஒரு பையன் நுழைந்தான். ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையின் மகன். டவுன் ஹைஸ்கூலில் கணிதத்துக்கான பரிசை வாங்கியவன். கல்லூரியில் கணக்கைத் தவிர வேறெதையும் அவன் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. படிப்பும் போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டான். அவன் பெயர் சீனிவாச இராமானுஜன்.

ஒரே ஊர், ஒரே கல்லூரி. ஒருவர் சிபாரிசில் உள்ளே வந்தார். இன்னொருவர் தேர்வில் வெளியே போனார்.

வேலையில் முன்னேற அறிவு வேண்டுமா, ஆள் தெரிந்திருக்க வேண்டுமா என்ற பேச்சு நம் வீட்டு விருந்துகளில் அடிக்கடி எழும். புதிதாக வந்திறங்கியவர்கள் கேட்பார்கள். கல்லூரி முடிக்கப்போகும் நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒரு பக்கம், திறமை இருந்தால் யார் தயவும் வேண்டாம் என்பார்கள். மறுபக்கம், எல்லாமே செல்வாக்கு என்று கையை விரிப்பார்கள். முதல் கட்சிக்காரர்கள் தவறாமல் எடுத்து நீட்டும் சான்று இராமானுஜன். அந்தச் சான்றைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்த்தால் அது வேறு ஏதோ சொல்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தேர்வின் கதை. சிபாரிசு என்ற சொல் பாரசீகத்திலிருந்து நமக்கு வந்தது. ஆனால் அந்தப் பழக்கத்தை வெள்ளைக்காரர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் வேலைகளுக்கு இளைஞர்கள் லண்டனில் கம்பெனி இயக்குநர்களின் நியமனத்தால்தான் வந்தார்கள். நியமிக்கும் உரிமை இயக்குநர்களுக்கு ஒரு சொத்து மாதிரி. அண்ணன் மகன், நண்பன் மகன், அரசியலில் உதவியவரின் மகன் என்று அது பங்கு போடப்பட்டது. 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அந்த உரிமையைப் பறித்தது. மெக்காலே தலைமையிலான குழு விதிகளை வகுத்தது. 1855இல் முதல் போட்டித் தேர்வு நடந்தது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும் தேர்வு நடத்துவதையே முதன்மையான வேலையாகக் கொண்டிருந்தது. தேர்வுத்தாளுக்கு மாமனும் மச்சானும் கிடையாது. நூற்றாண்டுக் கணக்கான செல்வாக்குக்கு எதிராக வந்த நியாயமான ஏற்பாடு அது. இதை மறக்கக் கூடாது.

அந்த நியாயமான ஏற்பாடுதான் இராமானுஜனை வெளியே தள்ளியது. 1906இல் அவர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வுக்கு மறுபடி முயன்றார். அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவர் திறமையைக் கண்டுகொண்டார். ஆனால் எஃப்.ஏ. தேற எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும். உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு, வடமொழி, ஆங்கிலம் எல்லாம் அதில் உண்டு. 1906 டிசம்பரில் ஒரு முறை, மறு ஆண்டு இன்னொரு முறை, இரண்டிலும் தோற்றார். யாரும் அவரை வஞ்சிக்கவில்லை. தாளைத் திருத்தியவருக்கு அவர் யாரென்றே தெரியாது. தேர்வு எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடந்தது. யாரையும் தெரியாமல் இருப்பதுதான் அதன் நேர்மை. அவருக்கு என்ன தெரியும் என்பதையும் தெரியாமல் இருந்தது அதன் குறை.

சாமிநாதையரின் நியமனத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. ஆங்கிலக் கல்வியும் இல்லை. எஃப்.ஏ. வகுப்பில் மாணவராகச் சேர அவருக்குத் தகுதி இருந்திருக்காது. அந்த வகுப்புக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். இதைச் சிபாரிசு என்று சொன்னால் தவறில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட சிபாரிசு? செட்டியார் அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர். அந்த வேலைக்கு எவ்வளவு தமிழ் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எதிரில் இருப்பவரிடம் எவ்வளவு தமிழ் இருக்கிறது என்றும் தெரியும். அதோடு, கல்லூரி ஆசிரியர்கள் அவர் வார்த்தையை அப்படியே விழுங்கிவிடவில்லை. புதியவரைப் பாடலுக்குப் பொருள் சொல்லச் சொன்னார்கள், செய்யுள் இயற்றச் சொன்னார்கள், அதன் பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். அறிமுகம் கதவைத் திறந்தது. உள்ளே ஒரு தேர்வு காத்திருந்தது. அந்தத் தேர்வில் கேள்வி கேட்டவர்கள் அவரை நேருக்கு நேர் பார்த்தார்கள்.

இராமானுஜனுக்கு இப்படி ஒரு வாசல் கிடைக்க 1910 வரை ஆனது. அதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது; கையில் வேலை இல்லை; கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும் இருந்தன. அங்கிருந்து கேம்பிரிட்ஜ் வரை அவர் போன பாதையைப் படிப்படியாக எழுதிப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். இராமானுஜன் கேட்டது அவருடைய அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுகளைப் புரட்டிய ஐயர், இந்த ஆளை வருவாய்த்துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்தால் இவருடைய கணிதம் செத்துப்போகும் என்று நினைத்தார். வேலை தரவில்லை, கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் மாநிலக் கல்லூரியில் இருந்த பி.வி. சேஷு ஐயர், கும்பகோணத்தில் இராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர். அவர் இன்னொரு கடிதம் கொடுத்தார். அது நெல்லூர் கலெக்டரும் கணிதக் கழகத்தின் செயலாளருமான ஆர். ராமச்சந்திர ராவுக்கு. ராவ் உடனே மயங்கிவிடவில்லை. முதலில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சில சந்திப்புகளில் எளிய கணக்கில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானவற்றுக்கு இராமானுஜன் அவரை அழைத்துப்போன பிறகுதான் நம்பினார். நம்பியபின் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். 1911இல் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, வெளிவந்தது.

சும்மா பணம் வாங்கிக்கொண்டிருக்க இராமானுஜனுக்கு விருப்பமில்லை. 1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரங்கள் 20 ரூபாய்ச் சம்பளத்தில் தற்காலிக வேலை. பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சான்றுக் கடிதம். மார்ச் 1ஆம் தேதி கணக்குப் பிரிவில் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய். அங்கே அவருக்கு மேலதிகாரி எஸ். நாராயண ஐயர், கணிதக் கழகத்தின் பொருளாளர். துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், பொறியாளர். இராமானுஜனின் கணிதம் என்னவென்று ஸ்பிரிங்குக்கு விளங்க வைக்கும் வேலையை நாராயண ஐயர் பார்த்துக்கொண்டார். பொறியியல் கல்லூரியின் கிரிஃபித், லண்டனில் தம் பழைய ஆசிரியரான எம்.ஜே.எம். ஹில்லுக்கு எழுதினார். ஹில் அக்கறையோடு பதில் போட்டார்: விரியும் தொடர்களைக் கையாள்வதில் பிழைகள் இருக்கின்றன, இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்று. அதற்கு மேல் அவர் வரவில்லை.

இதுவரை வந்த ஒவ்வொரு படியிலும் ஒரு கை இன்னொரு கைக்கு அவரைக் கொடுத்திருக்கிறது. நோட்டிலிருந்த கணிதத்துக்குக் கால் முளைக்கவில்லை. மனிதர்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்தச் சங்கிலி அறுந்திருந்தது. சென்னைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவில். கேம்பிரிட்ஜின் பெயர்பெற்ற கணிதர்கள் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் அவர் எழுதினார், பயனில்லை. 1913 ஜனவரி 16ஆம் தேதி ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். தாம் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் வேலை பார்க்கும் குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். கடிதத்தின் எஞ்சிய பக்கங்களில் இருந்தவை சூத்திரங்கள். ஹார்டிக்கும் முதலில் சந்தேகம்தான். ஆனாலும் அதைத் தூக்கிப் போடவில்லை. அன்று மாலை லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்தார். சிபாரிசே இல்லாமல், அறிவு மட்டுமே பேசிய தருணம் என்று இராமானுஜனின் வாழ்க்கையில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதற்கும் கணிதம் மட்டும் போதவில்லை. முன்பின் தெரியாதவரின் கடிதத்துக்காக ஒரு மாலையை ஒதுக்கும் ஆள் வேண்டியிருந்தது.

பலர் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ஹார்டி ஊக்கமளித்துப் பதில் எழுதினார். இராமானுஜன் பிப்ரவரி 27ஆம் தேதி திரும்ப எழுதினார். அந்த இரண்டாவது கடிதத்தில் அவர் கேட்டது என்ன? தாம் ஏற்கெனவே அரைப் பட்டினியில் இருப்பதாகச் சொல்கிறார். மூளை ஓட வேண்டுமானால் முதலில் சோறு வேண்டும் என்கிறார். தங்களிடமிருந்து பரிவான ஒரு கடிதம் வந்தால் இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை வாங்க உதவும் என்கிறார். நேரடியாக, கூச்சமில்லாமல், சிபாரிசு கேட்கிறார். நம்மில் பலர் கற்பனை செய்து வைத்திருக்கும், உலகை மறந்த மேதையின் எழுத்து இதில்லை. தன் அறிவின் மதிப்பு தெரிந்த, அந்த மதிப்பு யார் வாயிலிருந்து வந்தால் சென்னையில் செல்லுபடியாகும் என்பதும் தெரிந்த, 25 வயதுக் குடும்பஸ்தரின் எழுத்து.

அதே பிப்ரவரியில் வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜ் கணிதர். நோட்டுகள் அவருக்குக் காட்டப்பட்டன. பல்கலைக்கழகத்துக்கு அவரும் எழுதினார். முதுகலைப் பட்டம் உள்ளவர்களுக்கான ஆராய்ச்சி உதவித்தொகை, எஃப்.ஏ. கூடத் தேறாத ஒருவருக்கு வழங்கப்பட்டது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து விரிவுரைக்கு வந்த நெவில் அவரைக் கப்பலேறச் சம்மதிக்க வைத்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தர இசைந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் மாதம் 300 ரூபாய்க்கு மேல். ஆளுநர் பென்ட்லண்ட் வரை கோப்பு போய் வந்தது. 1914 மார்ச் 17ஆம் தேதி நெவாசா கப்பல் புறப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் கணக்கெழுத வந்தவர் அவர்.

மேதைகளின் கதையிலிருந்து நம்மைப் போன்றவர்களின் வேலைத் தேடலுக்கு என்ன பாடம் என்று கேட்கலாம். இங்கே ஒரு சமூகவியல் ஆய்வு கைகொடுக்கிறது. 1970களின் தொடக்கத்தில் மார்க் கிரனோவெட்டர் அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டனில், அண்மையில் வேலை மாறிய தொழில்முறைப் பணியாளர்களிடம் எப்படி அந்த வேலை கிடைத்தது என்று கேட்டார். 56 விழுக்காட்டினருக்குத் தனிப்பட்ட அறிமுகத்தின் வழியே கிடைத்திருந்தது. இது யாரையும் வியப்பில் ஆழ்த்தாது. அடுத்த கேள்விக்குக் கிடைத்த பதில்தான் வியப்பு. அந்த அறிமுகக்காரரை நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்களா? ஆம் என்றவர்கள் 17 விழுக்காடு கூட இல்லை. எப்போதாவது என்றவர்கள் பாதிக்கு மேல்; அரிதாக என்றவர்கள் ஏறக்குறைய 28 விழுக்காடு. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும்; தூரத்து அறிமுகம்தான் நமக்குத் தெரியாத இடத்துச் செய்தியைக் கொண்டுவரும் என்பது அவருடைய விளக்கம்.

இராமானுஜனின் பாதையை இதன் மேல் பொருத்திப் பாருங்கள். அவருடைய உறவினர்களால் முடிந்தது திண்ணையும் சோறும். ராமஸ்வாமி ஐயர் அதுவரை அந்நியர். சேஷு ஐயர் பழைய ஆசிரியர், ஓரளவு பழக்கம். ராமச்சந்திர ராவ் கடிதத்தால் அறிமுகமானவர். வாக்கர் ஊருக்கு வந்துபோன விருந்தாளி. நெருக்கமில்லாத இத்தனை பேரையும் ஒரே இழையில் கோத்தது எது? பெரும்பாலும் கணிதக் கழகம் என்ற சிறிய சங்கம். அதன் நிறுவனர், செயலாளர், பொருளாளர் மூவருமே இந்தக் கதையில் வருகிறார்கள். அவர்கள் வேலை பார்த்ததோ வருவாய்த்துறையிலும் துறைமுகத்திலும். கணிதத்தின் மீதுள்ள ஆசையால் சேர்ந்தவர்கள். ஒன்றை அறிய ஆசைப்பட்டவர்கள் கூடிய இடத்தில் அறிவும் அறிமுகமும் ஒரே பொருளாகிவிடுகின்றன. மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சுற்றியிருந்த கூட்டமும் அப்படிப்பட்டதுதான்.

இங்கே நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடியும். ஆனால் பாதிதான் சொன்னதாகும். மேலே வந்த பெயர்களை மறுபடி படித்தால் ஒன்று கண்ணில் படும். இராமானுஜனின் சங்கிலியில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐயர்கள், ராவ்கள், ஆங்கிலேயர்கள். அவருடைய வறுமை உண்மை. ஆனால் டெபுடி கலெக்டரின் வீட்டு வாசலில் நோட்டோடு நின்று பேச அவரால் முடிந்தது என்பதும் உண்மை. அதே கும்பகோணத்தைச் சுற்றிய வயல்களில், அந்த வாசலுக்குச் செல்லும் தெருவிலேயே நடக்க முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போயிருக்கும்? பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த நெடுங்கதையில் கடிதம் எழுதியவர்களிலோ வாங்கியவர்களிலோ ஒரு பெண்கூட இல்லை.

சாமிநாதையரின் சங்கிலி இந்த வகையில் கொஞ்சம் வேறு. ஒரு செட்டியார், சைவ மடத்தின் தலைவர், வேலையில் சேர்ந்த அதே 1880இல் சீவக சிந்தாமணியின் பக்கம் அவரைத் திருப்பிய முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் என்று அது சாதி எல்லையைத் தாண்டித் தாண்டிப் போகிறது. அந்தச் சந்திப்பு இல்லையேல் 1887இல் சிந்தாமணிப் பதிப்பு இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சவரிராயலு நாயக்கரும் படித்தார், நாகூர் குலாம்காதிறு நாவலரும் படித்தார். அந்தத் திண்ணை எவ்வளவு அகலமாக இருந்ததோ அவ்வளவு அகலத்துக்கு அங்கிருந்து கிளம்பிய அறிமுகங்களும் பரந்தன. ஆனால் அந்தத் திண்ணைக்கும் ஓர் ஓரம் உண்டு.

அப்படியானால் தேர்வே மேல் என்று தோன்றலாம். அதையும் அன்றே யோசித்தவர்கள் இருந்தார்கள். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமல்ல, இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 1890களில் இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால் உயர்சாதியினரே பதவிகளை நிரப்பிக்கொண்டு ஒடுக்கப்பட்டவர்களை ஆள்வார்கள் என்பது அவர் வாதம். 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை ஒரு கணக்கைக் காட்டியது: 1892க்கும் 1904க்கும் இடையில் மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர்கள். தாளில் பெயரில்லை, சாதியில்லை. ஆனால் அந்தத் தாளின் முன் வந்து உட்கார யாருக்கு வாய்த்தது என்பதில் தலைமுறைகளின் அறிமுகம் இருந்தது. வீட்டில் புத்தகம் இருப்பது, தேர்வெழுதிய சித்தப்பா இருப்பது, எந்தப் பாடத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் இருப்பது எல்லாம் அறிமுகம்தான். நாம் அதற்கு அறிவு என்று பெயர் வைத்துவிடுகிறோம். நீதிக் கட்சி ஆட்சியில் 1921இல் வந்த வகுப்புவாரி அரசாணையும், 1929இல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் அமைந்த தேர்வாணையமும் இந்த இரட்டைச் சிக்கலுக்கு அன்றைய சமூகம் தேடிய விடைகள். ஒன்று வாசலை அகலப்படுத்தப் பார்த்தது, மற்றொன்று வாசலில் நின்ற செல்வாக்கை அகற்றப் பார்த்தது. இரண்டும் ஒருசேரத் தேவைப்பட்டன.

புலம்பெயர்ந்த நமக்கு இது பழங்கதையல்ல. நான் வேலை செய்யும் மென்பொருள் துறையில், உள்ளே இருப்பவர் ஒருவரைச் சுட்டிக்காட்டினால் அவருடைய விண்ணப்பம் குவியலின் மேலே வந்துவிடும். சேர்ந்துவிட்டால் சுட்டியவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. அதனால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் தற்குறிப்புகள் கல்யாணப் பத்திரிகை மாதிரி சுற்றுகின்றன. அனுப்புபவருக்கு அந்த ஆளைப் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் ஊரும் கல்லூரியும்தான். நேர்காணல் மேசைக்கு இந்தப் பக்கம் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். பரிந்துரைத்தவரை அழைத்து, இவர் எழுதிய நிரலைப் படித்திருக்கிறீர்களா, எந்தச் சிக்கலை இவர் அவிழ்த்ததைப் பார்த்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். நல்ல பையன், நம்ம ஊர்க்காரர் என்று பதில் வந்தால் அது கம்பெனி இயக்குநர்களின் சிபாரிசு. இந்த இடத்தில் திணறினார், இப்படி மீண்டார் என்று பதில் வந்தால் அது தியாகராச செட்டியாரின் சிபாரிசு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

செட்டியார் தம் பெயரைப் பணயம் வைத்தார். சாமிநாதையர் வகுப்பில் தடுமாறியிருந்தால் கும்பகோணம் முழுவதும் செட்டியாரைத்தான் பேசியிருக்கும். ராமச்சந்திர ராவ் தம் பணத்தை வைத்தார். ஹார்டி தம் மாலைப் பொழுதை வைத்தார். கொடுப்பவருக்கு எந்தச் செலவும் இல்லாத சிபாரிசு, வாங்குபவருக்கும் அதிக நாள் உதவாது.

ஆகவே அறிவா அறிமுகமா என்று கேட்கும் பிள்ளைக்கு என் பதில் இரண்டு பகுதிகளாக இருக்கும். இப்போது தேடிக்கொண்டிருக்கிறாய் என்றால், உன் அறிவை எடைபோடத் தெரிந்தவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே போ. அவர்கள் உறவாக இருக்க வேண்டியதில்லை. தமிழராக இருக்க வேண்டியதுமில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போ. கேட்கக் கூச்சப்படாதே, இராமானுஜனே கேட்டார். நாளை நீ உள்ளே உட்கார்ந்திருப்பாய். அப்போது உன்னிடம் வரும் கடிதங்களில் எந்தச் சங்கிலியிலும் சேராத ஒன்று இருக்கும். நம் ஊர் இல்லை, நம் மொழி இல்லை, உன்னையும் என்னையும் தெரிந்த ஒருவரையும் அதை எழுதியவருக்குத் தெரியாது. அதையும் ஒரு மாலை உட்கார்ந்து படி. அறிமுகத்தால் வந்தவர்கள் அறிமுகமில்லாதவர்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய வட்டி அது.

1903இல் சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். சங்க நூல்கள் ஒவ்வொன்றாக அவர் கையால் அச்சேறின. மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்தது. தமிழ் உலகில் அவரை அறியாதவர் இல்லை என்றாயிற்று. திருவல்லிக்கேணியில் அவருடைய வீட்டு வாசலில் இருந்த பெயர் உத்தமதானபுரத்தின் பெயரல்ல, அவருடைய பெயரும் அல்ல. தியாகராச விலாசம் என்று இருந்தது. வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் வைக்க எனக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், உங்களுக்கும் இருப்பார்கள். நம் பெயரைத் தன் வீட்டுக்கு வைக்க நினைக்கும் அந்நியர் எவரேனும் உண்டா என்பதை அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.